முழுத் தேக்கு

"மாப்பிள்ளை, மேசையைத் தேய்க்கிறீங்களா, தூங்க வைக்கிறீங்களா?"

மனைவியின் அண்ணன் கேட்டான். கணவன் உப்புத்தாளை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தான்.

"காலையிலேர்ந்து இதே கூத்துதான் அண்ணா," என்றாள் மனைவி. "என் கல்யாணத்துக்கு நீ கொடுத்த மேசை. முழுத் தேக்குன்னு வர்றவங்ககிட்டல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருக்கேன். இவர் கையில மாட்டிக்கிட்டு முழிக்குது."

"பழைய பாலிஷ் அடியோட போகணும், மாப்பிள்ளை. இல்லேன்னா புதுச் சாயம் திட்டுத் திட்டாத்தான் பிடிக்கும்."

"இது போதும் மச்சான். இதுக்கு மேல வேண்டாம்."

"பேனா பிடிக்கிற கை வேற என்ன சொல்லும்! நகருங்க."

அண்ணன் தாளைப் பிடுங்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கப் பேச்சும் ஏறியது. "இவரை நம்பி ஒரு ஆணிகூட அடிக்க விடாதே, தங்கச்சி. இவரெல்லாம்..."

சட்டென்று நிறுத்தினான். அவன் கைக்கடியில் தேக்கின் ரேகைகள் காணாமல்போய், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தெரிந்தது. மேலே மெல்லிசாக ஒட்டியிருந்த தேக்கு பொடியாகியிருந்தது. கேலி பேசிய சுகத்தில், முழுத் தேக்கு என்று தான் சொன்ன பொய்யை அவனே மறந்துவிட்டிருந்தான்.

மனைவி அந்தப் பலகையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கணவனைக் கேட்டாள்.

"வந்த அன்னிக்கே."

"கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான் போல..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

அவள் உப்புத்தாளை அவன் கையிலிருந்து வாங்கிக் கணவனிடம் கொடுத்தாள்.

"நீ கிளம்பு அண்ணா. மிச்சத்தை இவர் பார்த்துக்குவார்."