மமுஷி பாட்டில்

சாப்பாட்டு மேசை மேல் ஏறி நின்ற தோமி இறங்க மறுத்தாள். சாராயத்தில் ஊறப்போடுவதற்காக அவள் கணவன் கிஹாச்சி வயல் வரப்பில் பிடித்துவந்த மமுஷிப் பாம்பு, தண்ணீர் பாட்டிலிலிருந்து ராத்திரி தப்பியிருந்தது. ஒரு முழ நீளந்தான், கடித்தால் ஆளை முடித்துவிடும்.

"மூடியை ஒழுங்கா இறுக்கினீங்களா?"

"பாம்பு திருகித் திறக்கும்னு யாருக்குடி தெரியும்?"

மத்தியானம் அரிசி மூட்டைக்குப் பின்னால் அகப்பட்டது. கவட்டைக் குச்சியால் அமுக்கிப் பாட்டிலில் போட்டு, கிஹாச்சி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அடேயப்பா! ஒரு மாசம் பட்டினி போட்டாத்தான் வயிறு சுத்தமாகும்பாங்க. இது ஒரே ராத்திரியில ஒட்டிப்போச்சு! இன்னைக்கே சாராயம் ஊத்திடலாம். இறங்குடி, பயந்தாங்கொள்ளி!"

இறங்கக் காலை நீட்டிய தோமி, பாட்டிலைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டாள்.

"நேத்து வயிறு பூசணி மாதிரி இருந்துச்சே?"

"தவளையை முழுங்கியிருக்கும். செரிச்சிருக்கும்."

சாராயம் வாங்கக் கிளம்பிய கிஹாச்சி, வாசலில் கிடந்த ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டான்.

"ஏங்க, மமுஷி முட்டை போடாது," என்றாள் தோமி, மேசை மேலிருந்தே. "குட்டிதான் போடும். ஏழெட்டு. பொறக்கும்போதே விஷத்தோட பொறக்கும்."

 பூட்ஸுக்குள் கிஹாச்சியின் கட்டைவிரலை என்னவோ மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.