இல்லப் பொறுப்பாளருக்கு அனுபவம் அவசியம்

சிவப்பு இல்லத்துப் பையன் ஒருவன் திரைச்சீலைக்கு மறுபடியும் தீ வைத்துவிட்டான் என்று சுதர்சிகா நேர்முகத் தேர்வு அறையில் சொன்னாள்.

பாடசாலை முதலாளி முனாப் ஹாஜியார் கதிரையின் நுனிக்கு வந்தார். "பிறகு என்ன செஞ்சீங்க புள்ள?"

"அடிக்கவும் இல்ல, ஏசவும் இல்ல. நீல இல்லத்துக்கு மாத்தினனான். அங்க பக்கத்துக் கட்டில்காரன் தண்ணியில கெட்டிக்காரன்."

நீச்சலைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு ஹாஜியார் தலையாட்டினார்.

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்தப் பள்ளிக்கூடம் தன் கைபேசிக்குள் இருக்கிறது என்பதையும், பையன் தீ வைத்ததும் மற்றவன் தண்ணீர் வரவழைப்பதும் மந்திரக்கோலால் என்பதையும் மட்டும் விட்டுவிட்டாள். பட்டம் பெற்று ஆறு வருடமாக அரசாங்க நியமனத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில் நல்ல தேர்ச்சி வந்துவிடும்.

அந்த ஆறு வருடமும் லிங்கநகர் வீட்டில் அவள் சும்மா இருக்கவில்லை. கைபேசி விளையாட்டில் ஒரு மந்திரப் பள்ளிக்கூடத்தை நடத்தினாள். புதிதாக வரும் பிள்ளைகளை நான்கு இல்லங்களுக்குப் பிரித்தாள், கட்டில் ஒதுக்கினாள், சண்டை தீர்த்தாள், புள்ளி கொடுத்தாள், கொடுத்ததை வெட்டினாள். லீவு எடுக்காமல், இடமாற்றம் கேட்காமல் இவ்வளவு காலம் வேலை பார்த்த பாடசாலை அதிபர் மாகாணத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

வீட்டார்தான் அதை வேலை என்று ஏற்கவில்லை. இங்கேயும் சரிவராவிட்டால் வவுனியாவுக்குப் போய் அண்ணனின் இரட்டைப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானமாகியிருந்தது. அண்ணி பஸ்ஸில் ஆசனமும் பதிந்துவிட்டாள். அந்த இரட்டையர்களைப் பிரித்து அனுப்ப வவுனியாவில் வேறு இல்லமும் கிடையாது.

ஹாஜியாருக்குத் தொழில் இரும்புக்கடை. வதிவிடப் பாடசாலை என்பது உட்துறைமுக வீதியில் சும்மா கிடந்த காணியைப் பார்த்தபோது அவருக்கு வந்த யோசனை. அவர் படித்த காலத்தில் இல்லம் என்றால் வருடத்தில் ஒருநாள் விளையாட்டுப் போட்டிக்குக் கொடி பிடிப்பது. ஆகவே கட்டடத்துக்கு நிறம் பூசினால் இல்லம் தயார் என்று நம்பினார். கடையில் மிஞ்சியிருந்த கப்பல் பெயின்ற் நான்கு விடுதிகளுக்கும் பூசப்பட்டது. அவற்றில் இரண்டு ஒரே சாம்பல். எது எந்த இல்லம் என்று நகர வீதிகளில் திரிந்து முற்றத்தில் மேய வரும் மான்களுக்கும் குழப்பம்தான்.

அவருக்குப் பக்கத்தில் அதிபர் கமலாதேவி இருந்தார். மடிப்புக் கலையாத சேலை, சிரித்துப் பழக்கமில்லாத முகம். இதுவரை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் சுதர்சிகாவுக்குப் பயமாக இருந்தது.

இல்லங்களுக்குள் சண்டை வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஹாஜியார் கேட்டார். அது சுதர்சிகாவுக்குப் பிடித்த பாடம். பிடித்த பாடத்தில்தான் மனிதர்கள் வாயை விடுவார்கள்.

"பச்சை இல்லம் சாப்பாட்டு மண்டபத்தில ஒரே சண்டை. ஒரு கிழமைக்குள்ள கோபுரம் பாதி இறங்கிட்டுது."

"கோபுரமோ?" ஹாஜியாரின் புருவம் உயர்ந்தது. "அது கோயில் பள்ளிக்கூடமா புள்ள?"

வவுனியா பஸ் சுதர்சிகாவின் கண்ணுக்குள் வந்து நின்று ஹோர்ன் அடித்தது.

"புள்ளிக் கோபுரம், ஹாஜியார்," என்றார் கமலாதேவி, தலை நிமிராமல். "புள்ளி குறைஞ்சா இறங்கும். நாலு இல்லமும் ஒண்டாயிருந்து சாப்பிட்டாத்தான் திரும்ப எழும்பும்."

ஹாஜியாருக்கு அந்த ஏற்பாடு பிடித்துவிட்டது. நம்மட பள்ளிக்கூடத்துக்கும் தகரத்தில் ஒன்று அடிப்பிக்கலாம், தகரம் கடையிலேயே கிடக்கிறது என்றார். சுதர்சிகாவுக்கு மூச்சு வந்தது. முதலாளிக்கு முன்னால் 'எனக்குத் தெரியாது' என்று எந்த அதிபரும் சொல்வதில்லை என்ற நல்ல வழக்கத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று ஹாஜியார் எழுந்தார். தன் தரப்பில் முடிவு சொல்லிவிட்டுத்தான் போனார்.

"நம்மட அதிபர் மிஸ் வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில நானூறு புள்ளைகளைக் கட்டி ஆண்டவ. அவவுக்குச் சரியெண்டா எனக்கும் சரி."

அறையில் இருவரும் தனித்தார்கள். கமலாதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டார். அவசரப்படாதவர்களின் துடைப்பு அது.

"எல்லாம் சரி பிள்ளை. நீங்கள் வேலை செய்த பள்ளிக்கூடத்தின்ர பேரைச் சொல்லுங்கோ. ஒருக்கா விசாரிக்கோணும்."

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் விசாரிக்கும்போது அங்கே ஒருவர் தொலைபேசியை எடுப்பாரே. சுதர்சிகா கைபேசியைத் திறந்து மேசையில் வைத்தாள். திரையில் சிவப்பு இல்லத்துப் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கினார்கள். ஒரு கட்டிலிலிருந்து மட்டும் மெல்லப் புகை வந்துகொண்டிருந்தது.

"அது இதுக்குள்ள இருக்கிற பள்ளிக்கூடம், மிஸ். வேற ஒரு இடத்திலயும் நான் வேலை செய்யேல்ல. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சான்றிதழ் உறையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வவுனியாவுக்கு எத்தனை சட்டை கொண்டுபோவது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

கமலாதேவி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் வெளியே எட்டிப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"இருங்கோ பிள்ளை. நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில மட்டும்தான் அதிபராய் இருந்தனான்."