செருப்பைக் கடிக்காத நாய்

கடி, கடித்துக் குதறு என்று பூரணி மனதுக்குள் றொக்கியிடம் கெஞ்சினாள்.

நாய் முற்றத்தின் நடுவில் நின்றது. வாயில் ஒரு கால் செருப்பு. பல் படாமல், முட்டையைக் கவ்வியதுபோல் அவ்வளவு பக்குவமாகப் பிடித்திருந்தது.

அது அவளுடைய தம்பி யோகலிங்கத்தின் செருப்பு.

யோகலிங்கம் குசினிச் சுவரோரம் அடுக்கியிருந்த கிடுகுகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தான். வேலி அடைக்க வாங்கிய தென்னோலைக் கிடுகு. அவன் திரியாய்க் கிராமத்திலிருந்து வந்து ஒன்பது நாள்தான். கையில் அடையாள அட்டை இல்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் திருகோணமலையில் அட்டை இல்லாத இளந்தாரி ஒருவன் பிடிபட்டால், வீட்டார் முகாம் முகாமாக ஏறி இறங்க வேண்டியதுதான். அப்படி ஏறி இறங்கியவர்களில் எத்தனை பேருக்குப் பிள்ளை கிடைத்தது என்று பூரணிக்குத் தெரியும்.

வந்திருந்த நேவிக்காரர் ஏழு பேர். அவர்கள் கையிலிருந்த பட்டியலில் இந்த வீட்டுக்கு இரண்டே பெயர். பூரணி, அவள் கணவன் குலசிங்கம். குலசிங்கம் விடியவே துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.

ஒழுங்கை முகப்பில் ஜீப் சத்தம் கேட்டதும் தம்பி வெறுங்காலோடு பின்பக்கம் பாய்ந்தான். செருப்பு வாசற்படியில் கிடந்தது. செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் கால் வைத்துப் பழகாத பிறவிகள். பூரணி அதை அள்ளிக் கட்டிலுக்கடியில் எறிந்தாள். கிணற்றில் எறிந்திருக்கலாம். அந்த நேரம் பார்த்துப் புத்தி வேலை செய்யவில்லை.

அவர்கள் அலுமாரியைத் திறந்தார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். ஒருவன் துவக்கு முனையால் மேலேயிருந்த இரண்டு கிடுகுகளைத் தள்ளிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய்த் திரும்பினான். அவர்களுக்குப் பெரியவன் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலிப் படலைவரை போய்விட்டான்.

அப்போதுதான் றொக்கி கட்டிலுக்கடியிலிருந்து வந்தது.

மூன்று மாதத்துக்கு முன்பு என்றால் அந்தச் செருப்பு இந்நேரம் எட்டுத் துண்டாகியிருக்கும். அதன் வாய் அப்படி. கதிரைக் கால், பாய், குலசிங்கத்தின் பெல்ட், எதையும் விட்டதில்லை. மூதூரிலிருந்து வந்த சிநேகிதி நஜ்முன் நிஸா ஒற்றைச் செருப்போடு லோஞ்சுப் படகு ஏறிப் போனாள். வேப்பெண்ணெய் தடவினார்கள், நக்கிவிட்டுக் கடித்தது. கொச்சிக்காய்த் தூள் பூசினார்கள், தும்மித் தும்மிக் கடித்தது.

பிறகு பழகிவிட்டது. கடிப்பதை மறந்தது மட்டுமில்லை. யாருடைய செருப்பு அகப்பட்டாலும் மணம் பிடித்து, அவரிடமே கொண்டுபோய்க் கொடுக்கவும் கற்றுக்கொண்டது. அவர் கையை நீட்டி வாங்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையாது. ஒழுங்கைச் சனமெல்லாம் வந்து பார்த்துவிட்டு, மனிசருக்கு இல்லாத ஒழுக்கம் என்று சொல்லிப் போனது.

படலையில் நின்ற பெரியவன் திரும்பிப் பார்த்தான்.

"யாரு செருப்பு?"

"என்ர மனிசன்ர, சேர். பழசு."

அவன் நம்பினான் போலத்தான் இருந்தது. வாய்க்குள் சிரித்தான். வீட்டில் நாய் வளர்த்தவனாக இருக்க வேண்டும், குனிந்து விரலைச் சொடுக்கி நாயைக் கூப்பிடவும் செய்தான்.

றொக்கி அவனைப் பார்க்கவில்லை. மூக்கை உயர்த்திக் காற்றை மணந்தது. குசினிப் பக்கம் திரும்பியது.

கூப்பிட்டு நிறுத்தலாம் என்றால், பூரணியின் குரலே காட்டிக்கொடுத்துவிடும். ஓடிப்போய்ப் பிடிக்கவும் ஏலாது. ஓடினால் ஏழு துவக்கும் அவள் பின்னால் வரும். கடவுளே, ஒரு கடி கடிக்க வை என்று மட்டும் நினைத்தாள்.

நாய் அவசரப்படாமல் நடந்தது. கிடுகு அடுக்கின் முன்னால் போய் நின்றது. செருப்பைக் கீழே போடாமல், வாயில் வைத்தபடியே பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தது.

பெரியவனின் சிரிப்பு போய்விட்டது. துவக்கின் குதிரையை யாரோ இழுத்த சத்தம் கேட்டது.

கிடுகுகளுக்கு இடையிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. செருப்பை வாங்கிக்கொண்டது.

பின்னாலேயே யோகலிங்கம் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழும்பினான். தலையெல்லாம் ஓலைத் தும்பு. அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் களவா வந்து ஒளிச்சனான், சேர். இந்த வீட்டு அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது."

வாய் காலியானதும் றொக்கிக்குத் தன் வேலை முடிந்தது. துள்ளிக்கொண்டு, நேவிக்காரரின் சப்பாத்துகளுக்கு நடுவே புகுந்து, நேராகப் பூரணியிடம் ஓடி வந்தது.

ஒவ்வொரு செருப்புக்கும் ஒரு கருவாட்டுத் துண்டு. மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல், அப்படிக் கொடுத்துக் கொடுத்து அதைப் பழக்கியவள் அவள்தான்.

நாய் அவள் காலடியில் உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவளுடைய கையைப் பார்த்தது.