தாமானுக்கு இன்னும் வரவில்லை

அப்பாவின் முகம் கைப்பேசித் திரையில் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்திருந்தது. கையிலிருந்த கோப்பிக் கோப்பை உதட்டுக்குப் போகும் வழியிலேயே நின்றது.

“அப்பா, மறுபடியும் ஹேங் ஆயிருச்சுப்பா. நாளைக்குப் பேசுறேன்” என்றாள் உஷாராணி. திரையில் அசைவே இல்லை. பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வேகம் குறைந்தால் முதலில் நிற்பது படம்தான், சத்தம் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவள் அவள். பூச்சோங்கில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் வீட்டு இணையச் சேவை விற்பதுதான் அவள் வேலை.

பழைய டிஎஸ்எல், டெலிபோன் செம்புக் கம்பி வழியாக வருவது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் இளைத்துப்போகும். ஃபைபர் கண்ணாடி இழையில் வருவது. அந்தத் தூரமெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பாள்.

சொந்த அப்பாவுக்கு மட்டும் ஒப்பிக்கவில்லை. கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் தனியாக இருக்கும் பக்கிரிசாமி, “எனக்கும் அந்த ஃபைபர் போட்டுக் குடேம்மா. உன் மொகம் கட்டம் கட்டமாத் தெரியுது” என்று ஒருமுறை கேட்டார். “உங்க தாமானுக்கு இன்னும் வரலப்பா” என்று சொல்லிவிட்டாள். வந்து ரொம்ப நாளாகிவிட்டது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அம்மா போன பிறகு அப்பா தினமும் சாயங்காலம் கூப்பிடுவார். முட்டி வலி, பாசார் சந்தையில் பார்த்த ஆள், முந்தாநாள் சொன்ன அதே கதை. அவளோ நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசிவிட்டு வந்திருப்பாள். செம்புக் கம்பி இருக்கும்வரை பேச்சு தானாக அறுந்துவிடும். அவள் யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை. அதுவும் அண்மைக் காலமாக அந்த லைன் அவள் மனசறிந்து நடந்துகொண்டது. எப்போது போதும் என்று தோன்றுமோ, சரியாக அப்போதே நின்றது.

அந்த நிம்மதிக்கு ஆப்பு வைத்தவர் லோகேஷ் என்ற வாடிக்கையாளர். கிள்ளானில் இருக்கும் தன் அம்மாவின் வீட்டுக்கு ஃபைபர் கேட்டு வந்திருந்தார்.

“சீக்கிரம் போட்டுக் குடுங்கக்கா. அம்மா பேசுறதுல பாதி எனக்கு வந்து சேரவே மாட்டேங்குதுலா. இன்னும் எத்தன நாளைக்குப் பேசப்போறாங்க?”

முகவரியைத் தட்டிப் பார்த்தாள். அப்பா வீட்டுக்கு அடுத்த தெரு. அதற்குமேல் அவரை நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

பெற்ற அப்பனின் பேச்சை அறுக்க ஒரு பழைய கம்பியைக் காவல் வைத்திருந்தோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. வேறு யாராவது அவரிடம் சொல்லி, பெற்ற மகளே பொய் சொன்னாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால்? அதற்குள் சரிசெய்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிள்ளானுக்குக் காரை விட்டாள். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றுதான் கிளம்பினாள். ஆனால் கேட்டைத் திறந்த அப்பா அவளைக் கண்டதும் சிரித்த சிரிப்பில் தைரியமெல்லாம் கரைந்துபோனது. “உங்க தாமானுக்கும் இப்பத்தான் ஃபைபர் வந்திருச்சுப்பா” என்று இன்னொரு பொய்தான் வாயில் வந்தது.

அப்பா அவளை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனார்.

உஷாராணி பழைய மோடத்தைத் தேடித் தொலைக்காட்சிப் பக்கம் போனாள். அதைக் காணோம். சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, அதன் கீழே புது மோடம், பச்சை விளக்குகள். தினமும் விற்கிற பொருள் என்பதால் அது ஃபைபர்தான் என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்த அப்பா அவள் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே சொன்னார். தீபாவளிக்கு முன்னால் பக்கத்து வீட்டுக் குகன் ஃபைபர் போட்டபோது, வந்த ஆட்கள் இந்தத் தெருவுக்கே எப்போதோ வந்துவிட்டது என்றார்களாம். குகனே முன்னால் நின்று இந்த வீட்டுக்கும் போட்டுக் கொடுத்துவிட்டானாம். தீபாவளி போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

ஆக, இத்தனை நாளும் அவருக்கு எல்லாம் தெரியும். உஷாராணிக்கு நின்ற இடத்திலேயே உடம்பு குறுகிப்போனது.

“ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?”

“உனக்குச் சங்கடமா இருக்கும்லம்மா.”

அழுகையை அடக்கிக்கொண்டு நின்றவளுக்கு அப்போதுதான் ஒரு கணக்கு இடித்தது. “ஆனா நேத்துகூட ஹேங் ஆச்சேப்பா. ஃபைபர் அப்படி தினமும் நிக்காதே.”

பக்கிரிசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இப்ப உன் மொகம் தெளிவாத் தெரியுதும்மா. நீ அலுத்துப்போனா, நான்தான் அசையாம உக்காந்துக்குவேன்.”