மேட்டில் ஒரு கை

சைக்கிள் பயணத்தின் மூன்றாம் நாள், கடைசி மேடு. மழை விட்ட தார்ச்சாலை வெயிலில் பளபளக்கிறது. முன்னால் போகிறவர்களின் முதுகிலெல்லாம் தையல்காரியின் கணவர் சிரிக்கிறார். இறந்துபோனவரின் படத்தை எல்லார் சட்டையிலும் தைத்தவள் அவள்தான். ஒரே மனிதர் பல பேராய் மேடேறிக்கொண்டிருக்கிறார். அவர் கடைசியாகப் படுத்திருந்த வார்டுக்கு நிதி திரட்டத்தான் இந்தப் பயணம். அவளுக்கு மூச்சு வாங்குகிறது, முழங்கால் கெஞ்சுகிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா என்று நினைக்கும்போதே இன்னொரு சைக்கிள் ஒட்டி வருகிறது. அந்த வார்டின் நர்ஸ், ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மறு கையை அவள் முதுகில் வைத்துத் தள்ளுகிறாள். உள்ளங்கை கதகதப்பாக இருக்கிறது. அவர் இருமி இருமித் துவண்டபோதெல்லாம் முதுகைத் தடவிக்கொடுத்த அதே கை. அவர் போன அன்று நன்றி சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்ப் போய்த் திரும்பியிருக்கிறாள்.

"மூச்சை இழுத்து மெதுவா விடுங்கக்கா."

"அவர்கிட்டயும் இதையேதான் சொல்லுவே."

"அவரு எங்க கேட்டாரு? கொஞ்சம் மூச்சு வந்தா போதும், ஜோக் சொல்ல ஆரம்பிச்சிடுவாரு."

தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. சைக்கிள் தள்ளாடுகிறது. முதுகிலிருக்கும் கை இன்னும் அழுந்துகிறது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா, ரொம்ப நாளா..."

"மேடேறிட்டு சொல்லுங்கக்கா."

"இல்ல, இப்பவே சொல்லிடறேன். நீ பக்கத்துல இருந்ததாலதான் அவரு பயப்படாம போனாரு. நீ நல்லா இருக்கணும்."

கண்ணைத் துடைத்துக்கொள்ள நர்ஸுக்குக் கை ஒழியவில்லை.