மகளின் குரலில்

நான்கு மாதமாக ஃபோனில் 'நல்லா இருக்கேம்மா' என்று சொன்னாளே, அதில் ஒரு நாளாவது அழுகை என் காதில் விழுந்திருக்க வேண்டாமா? இப்படி நினைத்தபடி தையல்காரி, தன் மகளின் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கல்லூரியின் கடைசி வருடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் விடுதியிலிருந்து வந்துவிட்ட மகள் மூன்று நாளாகச் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். காலை வெயில் அவளுடைய சிக்குப் பிடித்த முடியில் விழுந்து கிடக்கிறது. கொண்டுவந்த பையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. கணவர் மகளின் கைப்பேசியோடு அறை வாசலில் நிற்கிறார். பத்து மணிக்கு மகளுக்கு வேலைக்கான நேர்காணல், ஃபோனில்தான். "உன் குரலும் அவ குரலும் ஒண்ணுதானே? ஃபோன்ல நீன்னு நெனச்சு, உருளைக்கிழங்கு வாங்கவான்னு அவகிட்ட கேட்டு எத்தனை தடவை வழிஞ்சிருக்கேன்! பதிலெல்லாம் எழுதி வச்சிருக்கேன். அவளா நீ பேசிடு" என்று கிசுகிசுக்கிறார். எழுதிய தாளைக் காட்டுகிறார். "நாலு வருஷப் படிப்புடி." கைப்பேசி அடிக்கத் தொடங்குகிறது. போர்வைக்குள் மகளின் தோள் ஒடுங்குகிறது. அவள் தூங்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். கணவர் கைப்பேசியை நீட்டுகிறார். தையல்காரி அந்தத் தோளின் மேல் கையை வைக்கிறாள், வைத்த கையை எடுக்கவில்லை.

"நான் பேசலைங்க. அவளுக்கு முடியலைன்னு நீங்களே சொல்லிடுங்க."