நீலக் கோட்டின் இந்த முனை

சுவரோரம் வந்து நின்ற பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் யாரும் இல்லை.

தரையில் ஒட்டியிருந்த நீல டேப் அவள் காலடியில் முடிந்தது. மறுமுனை ஜன்னலோரம். அங்கே மற்ற ஐந்து பேரும் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்களில் ஒருத்தி வினோதா.

காலையில் அந்த டேப்பை ஒட்டியதே சுவரோரம் தனியாக நிற்கும் இவள்தான். கோணல்மாணலாக ஒட்ட இவளுக்கு வராது. பிய்த்து, மறுபடி ஒட்டி, மறுபடி பிய்த்து, இடுப்பு கழன்றுபோயிற்று.

ஆட்டம் எளிது. சட்டென்று முடித்துவிட்டு அப்புறம் சரிபார்க்கிறவர்கள் ஜன்னல் பக்கம். சரிபார்த்த பிறகே முடிக்கிறவர்கள் சுவர்ப் பக்கம். அவரவர் வேலை செய்யும் விதம் எதுவோ, அங்கே போய் நிற்க வேண்டும்.

"உள்ளபடி நில்லுங்க. இதுல யாரையும் எடை போடப் போறதில்லீங்க," என்றான் நிரூபன். கம்பெனி அவனுடையது. அவன் பக்கத்தில், பெங்களூரிலிருந்து வந்திருந்த ஆலோசகர் கையைக் கட்டிக்கொண்டு எடைதான் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் கம்பெனி பெங்களூருக்குப் போகிறது. ஆறு பேரையும் கூட்டிப்போக மாட்டார்கள் என்பது கோயம்புத்தூர் ஆபீஸின் காபி மெஷினுக்குக்கூடத் தெரியும்.

நேற்று பேக்கரியில் பேச்சை எடுத்ததே வினோதாதான்.

"எதுக்குடி நடிச்சுட்டு? நாம இப்படித்தான்னு ரெண்டு பேரும் ஒண்ணா நிப்போம். வெச்சா வெக்கட்டும், அனுப்புனா அனுப்பட்டும்."

தேங்காய் பன்னைப் பிய்த்து, பெரிய பாதியை இவள் தட்டில் வைத்தாள்.

நம்பாமல் என்ன செய்வது? இருவரும் ஒரே ரகம். கம்பெனி செய்வது, வயதானவர்களுக்கு மாத்திரை வேளையும் அளவும் சொல்லும் ஆப். தீபாவளிக்கு முன்னால் ஒரு சர்க்கரை மாத்திரைக்குப் பாதி என்பதற்குப் பதில் இரண்டு என்று காட்டியது. நிரூபன் கத்தக் கத்த, வெளியிட விடாமல் பிடித்து வைத்தவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

இன்றும் ஒன்றாகத்தான் நடக்கத் தொடங்கினார்கள். பாதி வழியில் பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. இவள் திரும்பவில்லை. வருவாள் என்று நடந்தாள்.

"பரவால்லீங்க, இப்படியும் ஒருத்தர் வேணுமில்ல," என்று நிரூபன் சிரித்தான்.

ஆலோசகர் இவள் பெயரைக் கேட்டார். வேறு யார் பெயரையும் கேட்கவில்லை.

வினோதா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தாள். அங்கே பார்ப்பதற்குப் பக்கத்துக் கட்டடத்தின் வெறும் சுவர் மட்டும்தான் இருந்தது.

"புது வெர்ஷன் ரெடியா?" என்றான் நிரூபன்.

"ரெடிங்க. மத்தியானமே விட்டுரலாம்." சட்டென்று சொன்னாள் வினோதா.

ஆட்டம் கலைந்தது. எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். தண்ணீர் பிடிக்க வந்தவள் போல வினோதா இவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தாள்.

"கோவிச்சுக்காதடி. எங்க வீட்டு நெலம உனக்குத் தெரியும். அந்த மாத்திரை அளவ மட்டும் ஒருக்கா பாத்துரு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

துரோகத்தையும் இவளே சரிபார்த்துக் கொடுக்க வேண்டும்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பெரியவர், மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போனையே பார்ப்பது மனதில் வந்தது.

புது வெர்ஷனைத் திறந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வேகமாகப் பார்க்க அவளுக்குத் தெரியாது.

பாதி, மறுபடியும் இரண்டாகியிருந்தது.

எதிர் மேஜையிலிருந்து வினோதா புருவத்தை உயர்த்தினாள். சரிதானே என்ற கேள்வி.

இவள் எழுந்தாள். டேப்பின் மேலேயே நடந்து போய், சுவரோரம், காலையில் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

நிரூபன் நிமிர்ந்து பார்த்தான். ஆலோசகரும்.

"அளவு தப்பா இருக்கு வினோதா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "இங்க வா. நேத்து சொன்னயில்ல, ஒண்ணா நிப்போம்னு."



வினோதாவின் நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது.